இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது?

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தும் இடம்தான் இடுப்பு மூட்டு. ஆட்டுக்கல் குழிக்குள் குழவி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கமும் சாய்த்துச் சுழற்றலாம், ஆனால் குழியை விட்டு வெளியே வராது. தோளும் இதே வகைதான். அங்கே குழி தட்டைப் போல ஆழமில்லாதது. கை தாராளமாகச் சுழலும், எளிதில் நழுவியும் விடும். உடலைச் சுமக்கும் இடுப்பிலோ குழி ஆழம், விளிம்பில் குருத்தெலும்பு வளையம், சுற்றிலும் உறுதியான நார்ப்பட்டைகள்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதன் சுமைக்கணக்கு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது உடல் எடை மறுபக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். இடுப்பின் வெளிப்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கும். சீசாப் பலகையில் நடுவுக்கு அருகே உட்கார்ந்தவர் நிலைதான் அந்தத் தசைகளுக்கு. எடையைவிடக் கூடுதல் விசையோடு இழுத்தாக வேண்டும். எடையும் இழுவிசையும் சேர்ந்து, உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.5 முதல் 3 மடங்கு சுமை மூட்டில் இறங்குகிறது. வலது மூட்டு வலிப்பவர் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பது இதனால்தான். எதிர்க்கையில் ஊன்றினால் அந்தத் தசைகளின் வேலை குறையும்.

புடவை செருகும் இடத்துக்குப் பின்னால் வலித்தால் ‘இடுப்பு வலி’ என்கிறோம். அது பெரும்பாலும் கீழ்முதுகு வலி, இடுப்பு மூட்டின் வலியோ பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும், சிலருக்கு முழங்காலில்கூட.