சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்கு நன்றி?

கேள்வி: நர்ஸ்களுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் பாராட்டு விழா எடுக்கிறோம் என்று எங்கள் ஊரில் நன்கொடைப் புத்தகத்தோடு வருகிறார்கள். மாதம் முடிந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்வதைத் தியாகம் என்பது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா, ஆசிரியர் ஐயா?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தெரியவில்லை. நன்கொடை கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சம்பளக் கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

2018 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, பூச்சோங்கில் ஒரு பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி ஆறு தீயணைப்பு வீரர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். ஆறு பேரையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது. நீர்ச்சுழல் இழுத்துக்கொண்டது, ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. யாரென்றே தெரியாத வீட்டுப் பிள்ளைக்காகப் போனவர்கள் அவர்கள். அந்த இரவை எந்தச் சம்பளச் சீட்டில் எழுதுவீர்கள்?

எங்கள் தோட்டத்தில் நடந்ததையும் சொல்கிறேன். தம்பி பிறந்து நாலாவது நாள், கண்ணெல்லாம் மஞ்சள். அன்றைக்கு நோன்புப் பெருநாள். இன்றைக்கு மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வரமாட்டார் என்று அம்மா கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பத்து மணி இருக்கும், செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம். மிஸ்ஸி போட்டிருந்த புது பாஜு கூரோங் உடையின் ஓரமெல்லாம் சேறு. லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தம்பியை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, நெற்றியையும் நெஞ்சையும் விரலால் லேசாக அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "அக்கா, பயம் வேண்டாம். பால் நிறையக் கொடு. நாளைக்கும் வருவேன்" என்றார். அந்த மலாய்க்கார மிஸ்ஸி இந்த அளவுத் தமிழை எங்கள் லயத்தில்தான் கற்றிருக்க வேண்டும். அவர் வீட்டில் விருந்தாளிகள் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அம்மா பாலில்லாத தேநீராக ஒரு தே ஓ கலக்கிக் கொடுத்து, கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கைப் பேப்பரில் சுற்றி வண்டியில் கட்டிவிட்டார். மறுநாளும் வந்தார்.

சரி, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறீர்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். அவரும் அமைச்சர் சம்பளம் வாங்கியவர்தான். ஆனால் அப்பா விட்டுப்போன தோட்டச் சொத்து பொதுக்காரியங்களிலேயே கரைந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் லயமும் ஒரே நாளில் போய்விடும் என்று நம் ஜனங்கள் நடுங்கிய காலம் அது. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தையே அவர்கள் பேரில் வாங்கலாம் என்று புரியவைத்தார். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவோ பாட்டியோ வைத்த அந்தச் சங்கத்துப் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விழாவைப் பற்றி எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. பொன்னாடை பிரமுகர்கள் தோளுக்குப் போகிறது, நர்ஸ்கள் கடைசி வரிசையில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஏற்பாட்டாளர்களிடம் போய், மேடையில் அவர்களை உட்காரவையுங்கள், முதல் பந்தி அவர்களுக்குப் போடுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கிளினிக்கில் எண் கூப்பிடத் தாமதமானால் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் குரலை உயர்த்தாமல் இருப்பதும் உங்களால் முடிந்ததுதானே?

உங்களைப் பெற்றபோது உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸி யார் என்று இன்று வீட்டில் கேளுங்கள். அந்தக் கதையை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.