முள்ளில்லா மெஸ்கீட் மேச்சேரிக்கு ஆகுமா?

கேள்வி: மேச்சேரிக்கு மேற்கே மூன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. சரளை மண், இரண்டடிக்குக் கீழே சுக்கான்கல் என்கிற கெட்டிச் சுண்ணாம்புப் பாறை. மேச்சேரி ஆடு அறுபது உருப்படி வைத்திருக்கிறேன். தகரக் கொட்டகை. சித்திரை மதியத்தில் ஆடுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மகன் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டு வாசலில் மெஸ்கீட் என்று ஒரு மரம், முள்ளே கிடையாதாம், மூன்றே வருடத்தில் கூரைக்கு மேல் போய் நிழல் கட்டிவிட்டதாம். ஆடி மாதம் வரும்போது விதை கொண்டுவருகிறேன் என்கிறான். இங்கே பைபாஸ் ஓரத்து நர்சரியில் 'அமெரிக்க வன்னி' என்று அதே மரத்தின் கன்றை 350 ரூபாய் சொல்கிறார்கள். விதை போடலாமா, கன்று வாங்கலாமா? எத்தனை அடி இடைவெளி? என்ன உரம்?

பதில்: விதையும் வேண்டாம், அந்தக் கன்றும் வேண்டாம். இடைவெளியும் உரமும் அப்புறம் பார்ப்போம்.

மெஸ்கீட் என்று உங்கள் மகன் சொல்வது நம்ம ஊர் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். வேலிக்காத்தான் என்று நாம் திட்டுகிற அந்த மரத்தின் விதையை 1877-ல் ஜமைக்காவிலிருந்து அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதுவும் விறகுக்கும் பசுமைக்கும் என்று நல்ல எண்ணத்தில் வந்ததுதான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே பிடுங்கச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்கு அது எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

பீனிக்ஸ் தெருக்களில் நிற்கும் முள்ளில்லாத வகை சிலி, அர்ஜென்டினா பக்கத்து இனங்களின் வழி வந்தது. பெரும்பாலும் கலப்பு. நல்ல மரமாகப் பொறுக்கி, குச்சி வைத்தோ பதியம் போட்டோ பெருக்கியவைதான் முள்ளில்லாமல் நிற்கும். விதை போட்டால் தாயைக் கொண்டு வராது. நூறு விதை போட்டால் எத்தனை முள்ளோடு எழும் என்பது எழுந்த பிறகுதான் தெரியும். போதாததற்கு நீங்கள் ஆடு வைத்திருக்கிறீர்கள். நெற்று இனிப்பு, ஆடு விட்டுவைக்காது. விதை வயிற்றில் ஊறி, புழுக்கையோடு விழுந்து, முன்னைவிட வேகமாக முளைக்கும். உங்கள் பட்டியிலிருந்து எரு வாங்குகிறவர் காட்டுக்கெல்லாம் அது போய்ச் சேரும். சட்டம் தனிக் கதை. வெளிநாட்டு விதையை இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். மகனை விமான நிலையத்தில் சிக்க வைக்காதீர்கள்.

நர்சரிக்காரர் விஷயம். தாய் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார். வன்னி என்பது சிவன் கோயிலில் நிற்கும் நம் மரம், ராஜஸ்தானின் கேஜ்ரி, ஐக்கிய அமீரகத்தின் தேசிய மரமான காஃப், எல்லாம் அது ஒன்றுதான். அதற்கு அமெரிக்கா என்று அடைமொழி போட்டு விற்கிறவர் உங்களுக்கு மரம் விற்கவில்லை, உங்கள் மகன் இருக்கும் ஊரை விற்கிறார். அந்த 350 ரூபாயைக் கொடுப்பதற்குப் பதில் இரண்டு மூட்டை எருவை உங்கள் பட்டியிலிருந்தே அள்ளிக் குழியில் போடலாம், காசும் மிச்சம்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். மூன்று வருடத்தில் கூரையைத் தாண்டிய அந்த மரத்துக்கு என்ன ஆகிறது என்று மகனிடம் கேளுங்கள். பீனிக்ஸில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை தேறாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டிய ஊர். அங்கே அத்தனை வேகமாக ஒரு மரம் வளர்கிறது என்றால் சொட்டுநீர்க் குழாய் தினமும் அடிமரத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மேலேயே கிடைத்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது? தலை மட்டும் பெருக்கும். அங்கேயும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புழுதியும் இடியுமாகப் பருவக்காற்று உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்த முள்ளில்லா மெஸ்கீட்டுகள் வேரோடு குப்புற விழுகின்றன. ஆனால் அதே அரிசோனாவில், டூசான் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில், காட்டு மெஸ்கீட்டின் உயிருள்ள வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. சாதி ஒன்றுதான், வளர்ப்புதான் வேறு.

நம்ம ஊரில் ஆடிக்காற்று சும்மா விடுமா? என் தோட்டத்திலேயே நடந்தது. கிணற்று மேட்டில் நர்சரிப் பையில் வளர்ந்த வேம்புக் கன்று எட்டு வைத்தேன். ஐந்தாம் வருடம், தொடை பருமன், நல்ல தழை. ஒரு ஆடி ராத்திரி மூன்று சாய்ந்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுக்கும் ஆணிவேர் இல்லை. மண்ணை உதறினேன். கட்டைவிரல் பருமனில் வேர் தன்னைத்தானே மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் தட்டையாக, பழைய பாலித்தீன் பையின் அச்சு அப்படியே இருந்தது. முறுக்குப் பிழிந்த மாதிரி. ஐந்து வருடமாக மரம் அந்தப் பையை விட்டு வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து பைக் கன்று என்றால் எனக்கு ஒவ்வாது. ஆறு மாதத்துக்கு மேல் பையில் நின்ற கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கடைக்காரர் முன்னாலேயே பையைக் கிழித்து அடியைப் பாருங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அதனால் விதையைக் குழியிலேயே போடுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் மரம் புங்கு. மாசியில் இலை கொட்டி, பங்குனியில் துளிர்த்து, சித்திரை வெயிலுக்குச் சரியாகக் கவிந்துவிடும். ஆடும் அதன் தழையை விரும்பிக் கடிக்காது என்பதால் கன்று தப்பும். ஒதிய மரத்துப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நட்டால் சீக்கிரம் வரும் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வார். வரும்தான், ஆனால் சித்திரையில் ஒரு இலை இல்லாமல் மொட்டையாக நிற்கும். கூடவே காட்டோரத்தில் நாலு வெள்வேல். கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் காடுகளில், ஆடு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் மரம், கோடையில் உதிரும் நெற்று தீவனம். வன்னி மேல் ஆசை இருந்தால் ஒன்று போடுங்கள், பேரன் காலத்துக்கு ஆகும்.

குழி மூன்றடி. சுக்கான்கல்லைக் கடப்பாரையால் குத்தி உடைத்து ஓட்டை போடாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண், பைக்குப் பதில் பாறை தடுக்கும், அவ்வளவுதான். பழைய ஆட்டெரு ஒரு கூடை, மேல்மண்ணோடு கலந்து. உரம் அதுதான். உரக்கடையில் வேர் டானிக் என்று ஒரு பாட்டிலை நீட்டுவார்கள், கருப்பாக இருக்கும், விலை மட்டும் பளிச்சென்று இருக்கும். வேண்டாம். குழிக்கு மூன்று புங்க விதை, ஆடி கடைசியில் போட்டால் புரட்டாசி, ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். வலுவானதை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். முதல் வருடக் கோடையில் வாரம் ஒரு தடவை நிறையத் தண்ணீர், அடுத்த வருடம் பதினைந்து நாளுக்கு ஒன்று, சொட்டுநீர்க் குழாயை ஒவ்வொரு வருடமும் அடிமரத்திலிருந்து தள்ளித் தள்ளி வையுங்கள். முட்டுக்கொம்பு கட்டினால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடினால்தான் அடி பருக்கும். ஆடு வராமலிருக்க சீமைக் கருவேல முள்ளையே வெட்டிச் சுற்றிப் போடுங்கள், நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து.

எங்கே வைப்பது என்பதுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது. பீனிக்ஸில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும், தெற்கு வாசலில் மரம் வைத்தால் அவர்களுக்குச் சரி. சேலத்தில் சித்திரை தொடக்கத்திலேயே உச்சிக்கு வந்து, வைகாசி, ஆனியில் கொஞ்சம் வடக்கே போய்விடும். தெற்கே நீங்கள் வைக்கும் மரம் கோடையில் கொட்டகைக்கு ஒரு சாண் நிழல்கூடத் தராது. ஆட்டைக் கொல்வது மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மேற்கிலிருந்து வரும் சாய்வெயில். மேற்கில் கொட்டகையிலிருந்து பன்னிரண்டடி தள்ளி ஒரு வரிசை, மரத்துக்கு மரம் இருபதடி. போதும்.

இந்தக் கோடைக்கு மரம் உதவாது, மூன்று நான்கு வருடம் ஆகும். தகரத்துக்கு மேல் சோளத்தட்டையோ தென்னங்கீற்றையோ ஒரு முழம் கனத்துக்குப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டுங்கள். மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி, கீழே ஒன்றரையடி காற்றுக்கு விட்டு. தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருந்தால் உள்ளே நகர்த்துங்கள், சூடான தண்ணீரை ஆடு வேண்டிய அளவு குடிக்காது. மேய்ச்சலைக் காலை பத்துக்குள் முடித்துவிட்டு நாலரைக்கு மேல் மறுபடி விடுங்கள்.

மகன் ஆடிக்கு வரட்டும். கடப்பாரையை அவர் கையில் கொடுங்கள், சுக்கான்கல் உடைக்க ஆள்கூலி இப்போது அதிகம்.