நீர்முகப்பு ஏன் சரிகிறது? பாறைக்குள் நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவதைக் கணினியில் கணிப்பது குறித்த கேள்வி பதில்

கேள்வி (வேதிப்பொறியியல் மாணவர்): நுண்துளைகள் வழியே நீர் பாயும் வேகத்தைச் சொல்லும் டார்சி விதி தண்ணீருக்கு எழுதப்பட்டது. எண்ணெயும் நீரும் சேர்ந்து நகரும் பாறைக்கு அது எப்படிப் பொருந்தும்?

பதில்: டிஜோன் நகரின் குடிநீர் வழங்கல் பற்றி 1856இல் வெளியிட்ட நூலில், மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டு அளந்ததைத்தான் டார்சி பதிவு செய்தார். நாம் அதை ஒவ்வொரு திரவத்துக்கும் தனியே எழுதி, அந்தந்தத் திரவத்தின் பாகுத்தன்மையால் வகுத்து, சார்பு ஊடுருவுதிறன் என்னும் பெருக்கெண்ணைச் சேர்க்கிறோம். அந்த எண் நீர்ச்செறிவை, அதாவது பாறைத் துளைகளில் நீர் நிரம்பிய பங்கைப் பொறுத்து மாறும். கணினி மாதிரிகள் தடுமாறுவது பெரும்பாலும் சமன்பாட்டில் அல்ல, பாறைத் துண்டில் அளந்து வரையும் இந்தச் சார்பு ஊடுருவுதிறன் வளைவில்தான் என்பது என் கருத்து.

கேள்வி (ஆய்வு மாணவி): செலுத்திய நீர் எண்ணெயைத் தள்ளிச் செல்வதைக் கணிக்கும் பக்லி–லெவரெட் கணக்குக்கு, பாறையை 20 கட்டங்களாகப் பிரித்து நிரல் எழுதினேன். நீர்ச்செறிவு வரைபடத்தில் செங்குத்தாக நிற்க வேண்டிய நீர்முகப்பு, அதாவது முன்னேறும் நீரின் விளிம்பு, சரிந்துவிடுகிறது. கிணற்றுக்கு நீர் முன்னதாகவே வந்துவிடுகிறது. நிரலில் பிழையா?

பதில்: பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்குள் நுழைந்த நீர் அந்தக் கட்டம் முழுவதும் அக்கணமே கலந்துவிட்டதாகக் கணக்கு எடுத்துக்கொள்வதால், அதில் ஒரு பகுதி அடுத்த கட்டத்துக்கு உரிய நேரத்துக்கு முன்பே கசிகிறது. பாறையில் இல்லாத இந்தப் பரவல் கட்டத்தின் நீளத்துக்கேற்பப் பெருகும். ஒவ்வொரு காலப்படியின் முடிவில் உள்ள மதிப்புகளைக் கொண்டே பாய்வைக் கணக்கிடும் முழு உள்ளார்ந்த முறையில் காலப்படியை நீட்டினால் இன்னும் பெருகும். நிரல் நிலைகுலையாமல் ஓடுவதால் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேள்வி (அவரே): அப்படியானால், சார்பு ஊடுருவுதிறனைப் பாய்வு வரும் பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுத்துத்தான் பாருங்களேன். எதிர்ப்பக்கக் கட்டத்தில் எண்ணெயோடு இருக்கும் நீர், பாறைத் துளைகளில் தங்கி நகராத நீர் மட்டுமே. அங்கே நீரின் சார்பு ஊடுருவுதிறன் பூச்சியம். நீங்கள் எவ்வளவு நீரைச் செலுத்தினாலும் அது வாசலிலேயே நின்றுவிடும்.

கேள்வி (களப் பொறியாளர்): கட்டத்தின் அழுத்தமும் கிணற்றடி அழுத்தமும் ஒத்துப்போவதில்லையே?

பதில்: ஒத்துப்போகக் கூடாது. இத்துறை ஆய்வாளர் பீஸ்மன் 1978இல் காட்டியபடி, சதுரக் கட்டத்தின் அழுத்தம் கிணற்றிலிருந்து ஏறத்தாழ கட்ட நீளத்தில் ஐந்திலொரு பங்கு தொலைவில் நிலவும் அழுத்தம். கட்டம் 100 மீட்டர் என்றால் அது 20 மீட்டர். கிணற்றின் ஆரமோ 10 சென்டிமீட்டர் அளவு. இடைப்பட்ட அழுத்த வீழ்ச்சியை, கட்ட அழுத்தத்தையும் கிணற்றடி அழுத்தத்தையும் இணைக்கும் பெருக்கெண்ணான கிணற்றுக் குறியீட்டெண் ஈடுசெய்கிறது.

கேள்வி (அவரே): பழைய உற்பத்தி அளவுகளோடு மாதிரி அச்சாகப் பொருந்தினால் நம்பலாமா?

பதில்: எதைத் திருத்திப் பொருத்தினார்கள் என்று கேளுங்கள். நார்வே கடலில் உள்ள நோர்ன் எண்ணெய் வயலின் பொதுவில் கிடைக்கும் மாதிரி 46×112×22 கட்டங்கள் கொண்டது. அத்தகைய வலையில் கிடைமட்டக் கட்டங்கள் பல பத்து மீட்டர் அகலமானவை. முன்கூட்டி வந்த நீரைச் சரிக்கட்டச் சார்பு ஊடுருவுதிறன் வளைவை வளைத்திருந்தால், வலையை நுணுக்கிய அன்றே அந்தப் பொருத்தம் கலையும். ஆகவே, வளைவில் கைவைக்கும் முன் கட்ட நீளத்தைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டி, நீர் வந்துசேரும் நாள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.