320,000 கிலோமீற்றர் ஓடிய வேன்: கியர்பொக்ஸை மாற்றுவதா, பிரித்துச் செய்வதா?

கேள்வி: டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் டீசல் வேன் என்னுடையது. ஓட்டோ கியர், பின்சில்லு இழுவை, 320,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. காலையில் நன்றாக ஓடுகிறது. சூடேறிய பிறகு ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி இழுப்பதில்லை. ரிவர்ஸ் மட்டும் எப்போதும் போல் விழுகிறது. ஹட்டன் கராஜில், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றை எடுத்துப் போடச் சொல்கிறார்கள். கண்டியில் ஒருவர் இருப்பதையே பிரித்துச் செய்யலாம் என்கிறார். ஆனால் அவர் கேட்கும் தொகை கூட. வேனையே விற்றுவிடு என்கிறார் மைத்துனர். எது சரி ஐயா?

பதில்: எதைச் செய்வதென்று முடிவெடுக்கும் முன்பே ஒன்றைச் செய்யுங்கள்: இந்தக் கோளாறு தீரும்வரை அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஏற்றத்தில் இழுக்காத கியர் இறக்கத்திலும் பிடிக்காது. தோட்டத்துப் பாதையில் ‘2’ இலோ ‘எல்’ இலோ போட்டு இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கிளச் தட்டுகள் நழுவினால் அந்தப் பிடி இல்லாமல் போய், பிள்ளைகளோடு சேர்ந்த முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும். தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக் எந்த வளைவில் கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேனைக் கண்டிக்குக் கொண்டுபோவதானாலும் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது கியர்பொக்ஸின் ஒயில் பம்பும் ஓடாது. பின்சில்லுகள் உருள உருள உள்ளே ஒயில் இல்லாமலே தேயும். கெரியரில் ஏற்றி அனுப்புங்கள்.

நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் உதவியது, ரிவர்ஸ் எப்போதும் போல் விழுகிறது என்ற வரிதான். பெரும்பாலான ஓட்டோ கியர்பொக்ஸ்களில் ஒயில் அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்படுவது ரிவர்ஸுக்கே. சூடான நிலையிலும் அது தடுமாறாமல் விழுகிறது என்றால், பம்பும், எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். குளிரில் தடித்திருக்கும் ஒயில் சூடேறி இளகியதும், வயதாகிக் கடினமாகிவிட்ட றப்பர் சீல்களைத் தாண்டிக் கசிகிறது. முன்கியர் கிளச்சை அழுத்தும் விசை குறைகிறது. தட்டுகள் நழுவுகின்றன, நழுவ நழுவ எரிகின்றன. உங்கள் வேனில் நடந்திருப்பது இதுவாகவே எனக்குத் தோன்றுகிறது. இது உறுதியானால், முழுப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டிய கோளாறு அல்ல.

உறுதிப்படுத்த அதிகச் செலவாகாது. முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான வேன்களில் வண்டி சூடாக, சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தாலே இதே அறிகுறி வரும் என்பதால், கியர்பொக்ஸ் செத்துவிட்டது என்று எவராவது சொல்லும் முன் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பிறகு ஒயில் மட்டம் பார்க்கும் குச்சியிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு, வெளிச்சத்தில் பிடியுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. நடுவில் கறுப்புப் பொட்டு தங்கி, தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் போலிருந்தால் றேடியேற்றர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. அப்படியானால் றேடியேற்றரையும் சேர்த்து மாற்றாமல் எந்தக் கியர்பொக்ஸைப் போட்டாலும் அதுவும் கெடும். கடைசியாக, கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி, அதிலுள்ள காந்தத்தை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல் ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம். விரலில் குத்தும் சிராய்களோ உடைந்த துண்டுகளோ இருந்தால் பல்சக்கரங்களும் பெயரிங்குகளும் போய்விட்டன என்று பொருள். அப்போது கணக்கு வேறு.

விற்பதைப் பற்றி மைத்துனர் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. கியர் விழாத வேனுக்கு, பழுதின் செலவைவிடக் கூடுதலாகவே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரிகளோடு சேர்த்துப் பார்த்தால், விற்ற பணத்தில் இதே தரத்தில் இன்னொரு வேன் வாங்குவது கடினம். ஆனால் ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். மலையகத்து ஈரத்தில் எஞ்சினுக்கு முன்னரே துருப்பிடிப்பது அடிச்சட்டம்தான். வேனைத் தூக்கி, சசியையும் ஸ்பிரிங் பிடிகளையும் ஸ்குரூட்றைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால், அல்லது எஞ்சினின் கொம்பிரஷன் குறைந்திருந்தால், கியர்பொக்ஸுக்கு ஒரு ரூபாயும் செலவிடாமல் மைத்துனர் சொன்னபடி செய்யுங்கள்.

பாவித்த கியர்பொக்ஸ் விலையில் மலிவு, ஒரே நாளில் பூட்டிவிடலாம். ஆனால் அது ஜப்பானில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விற்பவருக்கும் தெரியாது. கொள்கலனிலும் களஞ்சியத்திலும் மாதக்கணக்கில் கிடந்ததில் அதன் சீல்களும் காய்ந்திருக்கக்கூடும். அதாவது, உங்களுடையதைக் கெடுத்த அதே குறையோடு அது வரலாம். கடைக்காரர் தரும் ‘செக்கிங் வொரண்டி’ பெட்டிக்கு மட்டும்தான். அது கெட்டால், மறுபடி கழற்றிப் பூட்டும் கூலியும், கொழும்புக்குப் போய்வரும் செலவும், ஓடாமல் நின்ற நாட்களின் வருமானமும் உங்கள் தலையில் விழும். அந்த இரண்டாம் கழற்றலையும் சேர்த்து எண்ணினால், கண்டிக்காரரின் தொகை அவ்வளவு கூடவாகத் தெரியாது.

ஆகவே, காந்தத்தில் துண்டுகள் இல்லையென்றால், உங்கள் கியர்பொக்ஸையே பிரித்துச் செய்வதுதான் என் முடிவு. துண்டுகள் இருந்தால் பாவித்ததை எடுங்கள். அப்போதும் பெட்டியில் பொறித்த குறியீடு உங்கள் வேனின் தகட்டிலுள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், சம்ப்பைக் கழற்றிக் காட்டிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கண்டிக்காரரிடம் என்ன கேட்பது என்பதில் கவனமாக இருங்கள், ஏனெனில் ‘செய்து தருகிறேன்’ என்ற ஒரே சொல்லுக்குள், எரிந்த தட்டுகளை மட்டும் மாற்றி மூடுவதும் அடங்கும், எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிச் சீராக்குவதும் அடங்கும். தட்டுகள் முழுத் தொகுதியாகவும், சீல்களும் கஸ்கற்றுகளும் முழுதாகவும், பில்டரும் புதிதாக வருகின்றனவா. ஒயிலை ஒவ்வொரு கிளச்சுக்கும் திருப்பிவிடும் வால்வ் பொடியைப் பிரித்துக் கழுவுவாரா. டோர்க் கன்வேர்ட்டருக்குள் தங்கியிருக்கும் கறுப்பு ஒயிலை என்ன செய்வார். இவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய தட்டுகளை வைத்திருந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதிதாகச் செய்த கியர்பொக்ஸ்கள் சில மாதங்களில் மறுபடி கராஜுக்கு வருவதற்குக் காரணம் பல வேளைகளில் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. றேடியேற்றரின் அடியில் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய்களில் பழைய தட்டுகளின் தூள் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் பூட்டினால், முதல் நாளே அந்தத் தூள் புதிய வால்வ் பொடிக்குள் போகிறது. கழுவி, இரு பக்கமும் ஒயில் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வழிக்கு, றேடியேற்றருக்கு முன்னால் தனியாக ஒரு ஒயில் கூலர் பூட்டுவதையும் வற்புறுத்துவேன். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,271 மீற்றர் உயரத்தில் குளிராக இருக்கலாம். ஆனால் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது டோர்க் கன்வேர்ட்டர் உண்டாக்கும் சூட்டை வெளிக்காற்று மட்டும் தணிக்காது. கியர்பொக்ஸ் கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின் சீலையும் கியர்பொக்ஸ் மவுண்டையும் மாற்றிவிடுங்கள். இப்போது பொருளின் விலை மட்டும், பிறகென்றால் மீண்டும் முழுக் கூலி. ஒயில், வேனின் கைந்நூலில் குறித்த வகையாகவே இருக்கட்டும், ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று தருவதை வாங்காதீர்கள்.

வேன் கைக்கு வந்ததும் முதல் சில நாட்கள் பிள்ளைகள் இல்லாமல் ஓட்டுங்கள். வெறுமையாக நோர்வூட் வரை போய்வந்து, சூடான நிலையில் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். பிறகு நான்கைந்து பெரியவர்களை ஏற்றி அதையே செய்யுங்கள். ஏற்றத்தில் கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருந்தால் ஓவர்ட்றைவ் (மிக உயர்ந்த கியர்) பொத்தானை அணைத்துவிடுங்கள், இறக்கத்தில் ‘2’ இல் இறங்குங்கள். 1,000 கிலோமீற்றரில் ஒயிலை ஒருமுறை மாற்றி, அன்றும் சம்ப்பின் காந்தத்தை விரலால் தடவிப் பார்த்து, என்ன ஒட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.