ஸ்லர்ம் கணக்குத் தரவுத்தளத்துக்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்?

ஸ்லர்ம் என்பது பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் மென்பொருள். நாளுக்கு 20,000 வேலைகள் ஓடும் கிளஸ்டருக்கு, அந்த வேலைகளின் பதிவுகளைத் தரவுத்தளத்தில் சேர்க்கும் ஸ்லர்ம்டிபிடி (slurmdbd) வைக்க 32 கோர் சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், 8 கோர் தாராளம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள்.

கணக்கை வேலைகளை வைத்துப் போடாமல் ஸ்டெப்களை வைத்துப் போடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் வரும் ஒவ்வொரு எஸ்ரன் (srun) கட்டளையும் ஒரு ஸ்டெப், அட்டவணையில் ஒரு தனி வரிசை. வேலைக்கு 5 ஸ்டெப் என்று வைத்தால், வேலைக்கான ஒரு வரிசையும் சேர்த்து நாளுக்கு மொத்தம் 1,20,000 வரிசை. இண்டெக்ஸோடு சேர்த்து வரிசைக்கு 1 கேபி என்று தோராயமாக வைத்தால் நாளுக்கு 120 எம்பி, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 44 ஜிபி.

வட்டுக்கு இதெல்லாம் தூசு. சரி, இடிப்பது எங்கே? பதிவுகளை வைத்திருக்கும் தரவுத்தள மென்பொருளான மரியாடிபியில், தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக வெறும் 128 எம்பிதான். அதை அப்படியே விட்டால், யாராவது ஒரு வருட அறிக்கை கேட்டதும் எல்லாம் வட்டிலிருந்து வர வேண்டும். 64 ஜிபி ரேம் போட்டு, பூலுக்கு 32 ஜிபி கொடுங்கள். வட்டு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி ஆக இருக்கட்டும்.

அப்புறம், பழைய பதிவுகளை ஸ்லர்ம் தானாக நீக்காது. பர்ஜ் அமைப்பை முதல் நாளே போடுங்கள். நான் மூன்று வருடம் கழித்துப் போட்டேன். முதல் நீக்கம் விடிய விடிய ஓடியது.