முள்ளும் தட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டென்னிஸ் பிரெயின் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்த மொசார்ட் கான்செர்ட்டோ (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) எல்.பி. இசைத்தட்டு ஒன்று பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. உறையில் ‘ஸ்டீரியோ’ என்று இருக்கிறது. முதல் பதிப்புதானா?
– வாசகர், குடியாத்தம்

இல்லை. கராயன் நடத்திய பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு அந்த நான்கு கான்செர்ட்டோக்களும் பதிவானது 1953 நவம்பரில், மோனோவில், அதாவது ஒரே தடத்தில். கொலம்பியா வெளியிட்ட முதல் தட்டின் எண் 33 சி.எக்ஸ். 1140. அந்தப் பதிவின்மேல் ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால், மோனோ ஒலியைப் பிற்காலத்தில் செயற்கையாக இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். கேட்கலாம், ஆனால் சேகரிப்பவர் விலை கொடுத்துவிடாதீர்கள்.

உறையை மட்டும் நம்பவும் வேண்டாம். பழைய கடைகளில் உறை ஒன்று, தட்டு ஒன்று என்று மாறிக் கிடப்பது சகஜம். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். நீளமான அச்சு எண் கீழே, அதாவது 6 மணி நிலையில் வரும்படி தட்டைப் பிடியுங்கள். இங்கிலாந்தில் அச்சான, கொலம்பியாவின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் அக்காலத் தட்டென்றால் 9 மணி நிலையில் ஓர் எண்ணும் 3 மணி நிலையில் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அந்த எழுத்துகள்தான் எத்தனையாவது அச்சுவார்ப்பு (தட்டை அழுத்தி எடுக்கும் உலோக அச்சு) என்பதைச் சொல்பவை. ‘கிராமபோன் லிமிடெட்’ என்ற பெயரின் சுருக்கத்தில் (GRAMOPHLTD) உள்ள எழுத்துகளே அதில் எண்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4 என்று போகும். எழுத்து ஒன்று மட்டும் என்றால் ஆரம்ப அச்சு. மூன்று எழுத்து என்றால் நூறைத் தாண்டிவிட்டது.

கேள்வி: நாதஸ்வரம் கேட்டே வளர்ந்த காது. மேற்கத்தியக் காற்றுக்கருவிக் குழுக்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, ஆற்காடு

மொசார்ட்டின் ‘கிரான் பார்ட்டிட்டா’ (மொசார்ட் படைப்புப் பட்டியலில் கே. 361). 12 காற்றுக்கருவிகள், அடியில் ஒரு டபுள் பாஸ். 12-இல் 4 ஹார்ன். வியன்னா பில்ஹார்மோனிக் கலைஞர்களை வைத்து ஃபுர்ட்வெங்லர் 1947-இல் செய்த பதிவு நிதானமானது. எடோ டி வார்ட் நடத்திய நெதர்லாந்து விண்ட் ஆன்சாம்பிள் துள்ளலாகப் போகும். முதலில் கேட்க இரண்டாவதுதான் என் சிபாரிசு.

ஹார்னுக்கு பிரெயின் (1921–1957), பாரி டக்வெல், ஹெர்மன் பௌமன் மூவரையும் தேடுங்கள். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘செரினேட்’ 1944 பதிவு கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் தனி ஹார்ன் சில ஸ்வரங்களில் அபஸ்வரமாகக் கேட்கும். தட்டிலோ பிளேயரிலோ கோளாறு இல்லை. வால்வை (ஸ்வரம் மாற்றும் விசை) தொடாமல், குழலின் இயற்கை ஸ்வரங்களை மட்டும் வாசிக்கும்படி எழுதப்பட்ட பகுதி அது.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ராஜரத்தினம் பிள்ளையின் 78 வேகத் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள். ஒரே இரைச்சல், சுருதியும் ஏறி நிற்கிறது. என்ன செய்ய?
– வாசகர், வாணியம்பாடி

முதலில் கழுவுங்கள். ஸ்பிரிட், கொலோன் எதுவும் ஆகாது. 78 தட்டு அரக்கால் ஆனது, ஆல்கஹால் பட்டால் கரையும். உங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் உப்பு அதிகம், காய்ந்தால் பள்ளத்தில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள் (ஆசிட் கலந்ததைக் கொடுத்துவிடப் போகிறார்கள், கேட்டு வாங்குங்கள்). அரை லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். லேபிள் நனையாமல், மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் அலசி, நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள். வேலூர் வெயிலில் வைத்தால் அப்பளமாய் வளைந்துவிடும்.

அடுத்தது முள். எல்.பி. முள்ளின் நுனி வளைவின் ஆரம் ஏறக்குறைய 0.025 மி.மீ.; 78-க்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். பாதி இரைச்சலுக்குக் காரணம் இதுதான்.

சுருதி ஏறுவது வேகத்தால். 100-க்கு 6 பங்கு வேகம் கூடினால் அரைக்கட்டை ஏறிவிடும். 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் பார்க்கும் வட்ட அட்டை) சுற்றும் தட்டின்மேல் வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய குண்டு பல்பின் கீழ் பாருங்கள். கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. பல எல்.இ.டி. விளக்குகளில் கோடு தெரியாது. எல்.பி.க்கு அட்டையே வேண்டாம்: மொசார்ட்டின் 4-ஆவது ஹார்ன் கான்செர்ட்டோ முடியும் இடத்தில் சுருதிப்பெட்டியை 2½ கட்டையில் வைத்துப் பாருங்கள். சேர வேண்டும்.

கேள்வி: இந்தப் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் பகிரலாமா?
– வாசகர், காட்பாடி

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1953 மொசார்ட் பதிவுக்கு அது தீர்ந்துவிட்டது. ‘செரினேட்’ அப்படியல்ல: 1944 பதிவுக்கு உரிமை முடிந்தாலும், பிரிட்டன் இறந்தது 1976-இல், அவர் எழுதிய இசைக்கு உரிமை 2036 முடியும்வரை உண்டு.