"என்னால் ஏலுமா?" திருகோணமலைச் சிறுதொழில்காரரின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலை மாவட்டத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு நெடுநாளாகக் கணக்கும் விற்பனையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த முறை கணக்குக் கேள்விகளை விட மனம் சம்பந்தமான கேள்விகளே கூட வந்திருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எருமைத் தயிர் செய்கிறேன். தயிரில் யாரும் குறை சொன்னதில்லை. டவுன் கடைக்காரரிடம் விலை பேசப் போனால் மட்டும் தொண்டை அடைத்துவிடுகிறது. எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: வீட்டில் சொல்வது சரியில்லை தங்கச்சி. உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பார்த்தேனே. காய்ச்சின பாலில் சுண்டுவிரலை வைத்து, "இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றீர்கள். அப்புறம் சட்டிகளில் ஊற்றி, உறை விட்டு, மூடி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்கள். விடிய உறைந்திருக்கும் என்பதில் உங்களுக்குத் துளி சந்தேகம் இல்லை. அது தன்னம்பிக்கை இல்லாமல் வேறென்ன?

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. "இது என்னால் ஏலும்" என்ற நம்பிக்கை வேலைக்கு வேலை வேறுபடும். அது எந்த வேலையில் கூடுகிறதோ, அந்த வேலையில் அதிகம் பாடுபடுவோம், இடறினாலும் விடமாட்டோம். அது நான்கு வழியால் வரும் என்றார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்ததைக் கண்டது, பிறர் தைரியம் சொன்னது, உடம்பு காட்டும் குறி. முதலாவதுக்குத்தான் பலம் கூட. உங்களுக்குத் தொண்டை அடைப்பது நாலாவது. பழக்கமில்லாத வேலை என்று உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான். "ஏலாது" என்று அதற்கு அர்த்தம் வைக்காதீர்கள்.

ஆகவே பெரிய கடையில் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தயிர் போடுகிற அக்கா ஒருவரோடு ஒரு நாள் கூடப் போய், அவர் எப்படி விலை சொல்கிறார் என்று கேளுங்கள். பிறகு இரண்டே சட்டியோடு தெரிந்த சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குப் போங்கள். விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அங்கே ஒரு தடவை விற்றுவிட்டு வந்தால், நான் நூறு தடவை தைரியம் சொல்வதை விட அது பெரிது.

உப்புவெளியில் தங்குமிடம் நடத்தும் தம்பி: மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஓடி ஓடி வேலை செய்கிறேன். நவம்பர் மழை தொடங்கினால் கட்டிலை விட்டு எழும்ப மனம் வருவதில்லை. நான் சோம்பேறியா?

பதில்: இல்லை தம்பி. மனம் எப்போது வேலைக்கு எழும்பும் என்பதற்கு விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர் 1964இல் ஒரு விளக்கம் தந்தார். பாடுபட்டால் வேலை சரிவரும் என்ற நம்பிக்கை ஒன்று, வேலை சரிவந்தால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று, அந்தப் பலன் நமக்கு எவ்வளவு பெறுமதி என்பது மூன்றாவது. மூன்றும் பெருக்கல் கணக்கு. ஒன்று பூச்சியமானால் மனம் எழும்பாது.

உங்களுக்கு அறுந்தது நடுக் கண்ணி. அறையை எவ்வளவு பளிச்சென்று வைத்தாலும் அந்த மழைக்குள் ஆள் வராது என்று மனதுக்குத் தெரியும். அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள். அந்த மாதங்களிலேயே பலன் கண்ணில் தெரிகிற வேலையைக் கொடுங்கள். போன சீசனில் வந்து போன குடும்பங்களுக்கு ஒவ்வொருவராக எழுதி, அடுத்த சீசனுக்கு முற்பணத்தோடு பதிவு கேளுங்கள். முதல் பதில் வருகிற அன்று எழும்பிவிடுவீர்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: தம்பி, நம்பிக்கை இருந்தால் எதுவும் நடக்கும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். நம்பிக் கடன் எடுத்து இரண்டாவது கடை திறந்தேன். இப்போது முதல் கடையின் லாபத்தில்தான் அதற்கு வாடகை கட்டுகிறேன்.

பதில்: நானா, வாசிக்கக் கவலையாக இருந்தது. அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. அமெரிக்காவில் 2,994 தொழில்முயற்சியாளர்களிடம் கேட்ட ஆய்வு 1988இல் வெளிவந்தது. அவர்களில் 81 வீதமானோர் தங்கள் தொழில் வெல்லப் பத்தில் ஏழு பங்கு வாய்ப்பாவது உண்டு என்றார்கள். 33 வீதமானோர் பத்துக்குப் பத்து என்றார்கள். தொழில் தொடங்கிய பெரும்பாலானோருக்கு வருகிற மயக்கம் இது, உங்கள் பிழை மட்டும் அல்ல.

"என்னால் கடை நடத்த ஏலும்" என்பதற்கு உங்கள் முதல் கடையே சாட்சி. "அந்தத் தெருவில் ஆள் வரும்" என்பதற்கு என்ன சாட்சி இருந்தது? இரண்டும் வேறு நம்பிக்கை. இனிமேல் எதைத் தொடங்கினாலும் எவ்வளவு வரும் என்று கேட்பதற்கு முதல், எவ்வளவு போனால் வீடு தாங்கும் என்று ஒரு தொகை எழுதி வையுங்கள். இரண்டாவது கடைக்கும் இன்றே எழுதுங்கள். அந்தத் தொகை முடிகிற நாளில் மூடிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூதூரில் தையல் செய்யும் அக்கா: ஓடர் நிறைய வருகிறது, காசும் வருகிறது. துணி, நிறம், விலை எல்லாம் மைத்துனர்தான் முடிவு செய்கிறார். மெஷினில் உட்காரவே வெறுப்பாக இருக்கிறது.

பதில்: அக்கா, வேலையில் மனம் ஒட்டுவதற்கு டெசி, ரயன் என்ற இரு உளவியலாளர்கள் சொன்ன மூன்று தேவைகளில் ஒன்று, தன் முடிவு தன் கையில் இருப்பது. ஒரு வகை உடுப்பை மட்டுமாவது முழுதாக உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள். விலையும் நீங்களே போடுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: பயிற்சி வகுப்புகளால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: எந்த வகுப்பு என்பதைப் பொறுத்தது. ஆபிரிக்காவில் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்காரரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. தானாக முன்வந்து செய்வது, புதிதாக ஒன்றைத் தேடுவது, தடை வந்தாலும் தொடர்வது என்று பழக்கிய குழுவுக்கு, பயிற்சி பெறாதவர்களை விட லாபம் 30 வீதம் கூடியது. கணக்கும் சந்தைப்படுத்தலும் மட்டும் படித்த குழுவுக்கு உறுதியாகச் சொல்லும்படி கூடவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது பெரிய பாடம். அதற்குப் பிறகு என் வகுப்பில் பாதி நேரத்தை மாற்றிவிட்டேன்.

குச்சவெளித் தம்பி: நெத்தலிக் கருவாடு பொதி செய்து விற்க எல்லாம் தயார். பெயர் பதிய வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் போய்விட்டது.

பதில்: "பதிய வேண்டும்" என்பதில் நாளும் இல்லை, நேரமும் இல்லை தம்பி. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் காலை தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதும், வீட்டுக்குத் திரும்பாமல் பிரதேச செயலகத்துக்குப் போவேன்." அடையாள அட்டைப் பிரதியைத் திங்கள் இரவே பைக் சீற்றுக்குக் கீழே வைத்துவிடுங்கள்.